கலையரசியின் குண்டு விமானம்

இந்த வருடம் திண்டிவனம் கண்காட்சியில் முதல் பரிசு எங்கள் வீட்டுக்குத்தான் என்று ஆனி மாதமே முடிவு செய்துவிட்டேன். நடுவர்கள்தான் இன்னும் முடிவு செய்யவில்லை.

என் பெயர் தேவநாதன். விழுப்புரத்தில் சர்வே அலுவலகத்தில் வரைவாளர். ஊரார் நிலத்தையெல்லாம் சுருக்கிக் காகிதத்தில் போடுகிற வேலை. இருபத்தெட்டு வருடம் சுருக்கிச் சுருக்கி, எதைப் பார்த்தாலும் அதைச் சின்னதாகச் செய்து பார்க்கக் கை துறுதுறுக்கும். அப்படிப் பிடித்த பைத்தியம்தான் மாடல் விமானம். அதுவும் இரண்டாம் உலகப் போரில் பறந்தது மட்டும். ஒரு பெட்டியில் நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் துண்டுகள் வரும். வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடித்தால் விமானம். பாதியில் விட்டால் குப்பை. எங்கள் வீட்டில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

போன வருடம் திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், என்னைப் போன்ற பைத்தியங்கள் சேர்ந்து கண்காட்சி வைத்தார்கள். ஒரு சண்டை விமானத்தைக் கொண்டுபோனேன். போட்டியில் மொத்தம் பன்னிரண்டு பேர். நான் பன்னிரண்டாவது. விமானத்தோடு போனவன் அவமானத்தோடு வந்தேன். போதாக்குறைக்கு 'கலந்துகொண்டார்' என்று ஒரு சான்றிதழ். கல்யாண வீட்டில்கூட சாப்பிட்டவனுக்கு அப்படி ஒரு அத்தாட்சி தருவதில்லை.

அதனால் இந்த வருடம் பெரிதாக ஒன்று எடுத்தேன். லங்காஸ்டர். பிரிட்டிஷ்காரனின் குண்டுவீச்சு விமானம். நான்கு இன்ஜின், ஏழு ஆட்கள். முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவில் செய்தாலும், இறக்கையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் மூன்றடிக்கு மேல். பின்கட்டு அறை மேசையில் பாதியை அது பிடித்துக்கொண்டது. அந்த மேசையின் இன்னொரு பாதி என் மனைவி கலையரசியுடையது. அவள் ஆரி வேலை செய்கிறவள். கல்யாண ரவிக்கைகளில் ஊசியால் மணி, ஜமிக்கி, ஜரிகை என்று கோத்துக் கோத்து மயிலையே இறக்கிவிடுவாள். விழுப்புரத்தில் பாதி மணப்பெண்களின் முதுகில் அவள் கையெழுத்து இருக்கிறது.

மூன்று இன்ஜின் ஒட்டி முடித்திருந்தபோது கண்காட்சிப் படிவம் வந்தது. அதில் புதிதாக ஒரு வரி: 'பெண்கள் பிரிவு'. அதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு இன்ஜின் ஸ்டார்ட் ஆனது. பக்கத்து வீட்டு சகாயராஜிடம் ஓடினேன். எலெக்ட்ரிகல் கடை வைத்திருப்பவர். எந்த யோசனை சொன்னாலும் கெடுத்துக் கொடுப்பவர்.

"சார், குண்டு விமானம்னீங்க. ஒல்லியா கீதே?"

"குண்டு போடற விமானம்யா."

"பேரு இன்னா?"

"லங்காஸ்டர்."

"லங்காவுக்குப் போவுதா?"

"ஜெர்மனிக்கு. அத வுடு. பொம்பளைங்க பிரிவுன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. போன் போட்டு விசாரிச்சேன். இதுவரைக்கும் ஒருத்தர்கூட பேர் குடுக்கல."

"அப்ப யார் பேர் குடுத்தாலும் அவங்கதான் ஃபர்ஸ்ட்டு."

"அதான் என் பிளான். கலை பேர்ல போட்டுடறேன்."

"லாஸ்ட்டும் அவங்கதான் சார்" என்றார் சகாயராஜ். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கலையரசி ஒரு ரவிக்கையின் கழுத்தில் அன்னப்பறவைக்கு மூக்கு வைத்துக்கொண்டிருந்தாள். படிவத்தை நீட்டினேன்.

"இன்னாங்க இது?"

"சும்மா ஒரு கையெழுத்து."

"சும்மான்னு சொல்லித்தான் எங்கப்பாவும் கல்யாணப் பத்திரத்துல போட்டாரு. இருபத்தாறு வருஷமா நான் அனுபவிக்கிறேன். இன்னான்னு சொல்லுங்க."

சொன்னேன். ஊசி நின்றது.

"நீங்க செஞ்ச ஏரோப்ளேன நான் செஞ்சேன்னு சொல்லணுமா?"

"வாயத் தொறந்து சொல்லவேண்டாம். பக்கத்துல நின்னா போதும்."

"ஜட்ஜு கேட்டா?"

"சிரிச்சிடு."

"நான் செய்யாதத செஞ்சேன்னு சொல்லமாட்டேங்க."

"கலை, ஒரு நாள் கூத்தும்மா."

"ஒரு நாள்னாலும் பொய் பொய்தான்." ஊசியை ரவிக்கையில் குத்திவைத்துவிட்டு எழுந்தாள். "செஞ்சிட்டே சொல்றேன். நவுருங்க."

நான் நகர்ந்தேன். அன்றைக்கு நகர்ந்தவன்தான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெறும் வால் பகுதியைத்தான் கொடுத்தேன். வாலில் என்ன கெட்டுவிடப்போகிறது என்ற நினைப்பு. நான் இடுக்கியால் ஒரு மணி நேரம் துரத்துகிற துண்டை அவள் ஆரி ஊசி நுனியில் எடுத்து, பசை தொட்டு, வைத்து, கையை எடுத்துவிட்டாள். நான் ஒட்டினால் துண்டு விரலோடு வரும். அவள் ஒட்டினால் விமானத்தோடு நின்றது.

"நீங்க ஏன் இவ்ளோ பசை வெக்கறீங்க? இட்லிக்கு நெய் ஊத்தற மாதிரி."

"இறுக்கமா ஒட்டணும்ல?"

"வழிஞ்சிது பாருங்க ரெக்கையில. ஜல்தியா தொடைங்க."

துடைத்தேன். துடைக்கிற வேலை அதோடு எனக்கு நிரந்தரமானது. அடுத்த ஞாயிறு விமானி அறை. அதற்கடுத்தது சக்கரங்கள். ஆவணி பிறந்தபோது அவள் கேட்பதை எடுத்துக் கொடுக்கிறவனாக இருந்தேன். ஒரு மாடல் விமானத்துக்கு நான் கிளீனர்.

ஒட்டுவதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"வால்ல தனியா ஒரு ரூம் இருக்குதே, கண்ணாடி போட்டு. அது யாருக்கு?"

"வால் துப்பாக்கிக்காரன். பின்னாடி எதிரி வந்தா சுடுவான்."

"மத்தவங்கள்லாம்?"

"எல்லாரும் முன்னாடி."

"இவன் மட்டும் தனியாவா? எவ்ளோ நேரம்?"

"ஏழு மணி நேரம், எட்டு மணி நேரம் ஆவும்."

"குளிருமா?"

"அந்த உசரத்துல உறைஞ்சிடும். நெறைய பேர் அப்படியே கஷ்டப்பட்டாங்களாம்."

அவள் அந்தத் துப்பாக்கிக்காரனைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கட்டைவிரல் உயரம்கூட இல்லை. முகம் தெரியாத பிளாஸ்டிக். "எந்த ஊட்டுப் புள்ளையோ" என்றாள். மறுநாள் நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது அவன் கழுத்தில் மெரூன் பட்டு நூலால் ஒரு மஃப்ளர் சுற்றியிருந்தது.

"கலை, சரித்திரப்படி அவங்க மின்சாரத்துல சூடாவற உடுப்பு போட்டிருந்தாங்க. இந்த மாதிரி மஃப்ளர் எந்தப் படத்துலயும் இல்ல."

"படம் எடுக்கும்போது கழட்டி வெச்சிருப்பான்."

அடுத்த சண்டை குண்டுகளுக்காக. விமானத்தின் வயிற்றில் வைக்க வரிசையாகக் குண்டுகள் பெட்டியிலேயே வந்திருந்தன. போன மாதம் முழுக்க நான் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றி வைத்திருந்தேன்.

"இத போட்டா கீழ இருக்கறவங்க?" என்று கேட்டாள்.

போரின் தேதிகள் எனக்குத் தெரியும். இன்ஜின்களின் குதிரைசக்தி தெரியும். இந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகத்திலும் பக்கம் புரட்டியதில்லை.

"இத நான் ஒட்டமாட்டேன். கதவ சாத்திடலாம்."

"குண்டு இல்லாத குண்டு விமானமா? ஜட்ஜு சிரிப்பாரு கலை!"

"திரும்பி வர்ற பிளேன்னு வெச்சுக்கோங்க. போட்டதெல்லாம் போட்டாச்சி. வூட்டுக்கு வருது."

அதன்பின் அவள் அந்த ஒரே நினைப்பாக இருந்தாள். நான் பளபளவென்று அடித்துவைத்த பெயிண்டின் மேல் புகைக்கரி பூசினாள். இன்ஜின்களுக்குப் பின்னால் எண்ணெய்க் கறை இழுத்தாள். நான் துணியோடு ஓடினேன்.

"ஏம்மா, புதுசா இருக்கறத ஏன் அழுக்காக்கற?"

"சண்டைக்குப் போய்ட்டு வர்றது, பொண்ணு பாக்கப் போற மாதிரியா இருக்கும்? நம்ம பழைய டிவிஎஸ் வண்டி இன்ஜின பாருங்க. அத பாத்துத்தான் வரையறேன்."

படிவத்தையும் அவளே எடுத்துக்கொண்டாள். திண்டிவனத்தில் ஒரு ரவிக்கை கொடுக்கப் போக வேண்டியிருக்கிறது, நேரிலேயே கொடுத்துவிடுகிறேன் என்றாள். என் வேலை மிச்சம் என்று விட்டுவிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கண்காட்சி நெருங்க நெருங்க எனக்குப் பொறாமை. பார்க்க வந்த சகாயராஜ்கூட, "கலை மேடம், உங்க பிளேன் சூப்பருங்க" என்றார். உங்க பிளேனாம். இறக்கை இரண்டும் நான் ஒட்டியது. நான்கு இன்ஜினில் மூன்று என்னுடையது. எதற்கும் ஒரு சாட்சி இல்லை. வியாழக்கிழமை அவள் வளவனூருக்கு ஒரு ரவிக்கை கொடுக்கப் போயிருந்தபோது, விமானத்தை மெதுவாகக் கவிழ்த்தேன். இடது இறக்கையின் அடியில், கறுப்புப் பெயிண்டின் மேல், மெல்லிய தூரிகையால் வெள்ளையில் எழுதினேன்: 'ஆக்கம்: தேவநாதன்'. நடுவர்கள் எப்படியும் கவிழ்த்துப் பார்ப்பார்கள். அப்போது தெரியட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சகாயராஜின் ஆம்னி வேனில் போவதாக ஏற்பாடு. அன்றைக்குப் பார்த்து அது ஒரு சர்ச் கல்யாணத்துக்குப் போய்விட்டது. டிவி வந்த அட்டைப்பெட்டியில் விமானத்தை வைத்து, பஞ்சு அடைத்து, புதுப் பேருந்து நிலையத்தில் திண்டிவனம் பஸ் ஏறினோம்.

"பெட்டியில இன்னா சார்?" என்றார் கண்டக்டர்.

"ஏரோப்ளேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏரோப்ளேன வெச்சிக்கினு ஏன் சார் பஸ்ல வர்றீங்க?"

பஸ்ஸே சிரித்தது. சிரிக்காதவர் எங்கள் பக்கத்தில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை மூட்டையோடு உட்கார்ந்திருந்த குப்பம்மாள் என்ற பாட்டி மட்டும்தான். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கமிருந்து வருகிறாராம். திண்டிவனத்தில் மகள் வீடு. கலையரசியும் அவரும் ஊர்க் கதை, அறுவடைக் கதை எல்லாம் பேசிக்கொண்டு வந்தார்கள். விக்கிரவாண்டி தாண்டியதும் ஒரு லாரிக்காரன் குறுக்கே வந்தான். டிரைவர் போட்டார் பிரேக். மல்லாட்டை மூட்டை எழுந்து நடந்து வந்து என் பெட்டியின் மேல் படுத்தது.

பெட்டியைத் திறந்தேன். இறக்கை தப்பியது. இன்ஜின்கள் தப்பின. வாலில் நீட்டிக்கொண்டிருந்த நான்கு துப்பாக்கிக் குழல்களும் முறிந்து, எங்கேயோ மல்லாட்டைத் தோலோடு தோலாகிவிட்டன.

"ஐயையோ, பொம்மை ஒடிஞ்சிப் பூடுச்சா?" குப்பம்மாள் பதறிப்போனார். "பேரப்புள்ளைக்கா சாமி?"

"இல்லம்மா. எனக்கு."

அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு ஒரு கை மல்லாட்டை அள்ளி என் மடியில் போட்டார். எனக்கு அழுகை வந்தது. மூன்று மாத உழைப்பு. வால் துப்பாக்கி இல்லாத லங்காஸ்டரை எந்த நடுவர் பார்ப்பார்?

"திரும்பிப் போய்டலாம் கலை."

"கம்முனு வாங்க" என்றாள்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் அடுத்த இடி. பெண்கள் பிரிவு என்று எழுதிய மேசை காலியாக இருந்தது. பெயர்ப் பட்டியலில் எவர் பெயரும் இல்லை. ஒருங்கிணைப்பாளரைப் பிடித்தேன்.

"கலையரசி தேவநாதன்னு ஒரு என்ட்ரி..."

"பொதுப் பிரிவு சார். பன்னெண்டாவது டேபிள்."

பொதுப் பிரிவில் போன வருடம் என்னை முந்திய பதினோரு பேரும் அப்படியே இருந்தார்கள். இந்த வருடமும் என் இடம் பன்னிரண்டு என்பது மேசையிலேயே எழுதியிருந்தது.

"கலை! எவனோ தப்பா போட்டுட்டான்!"

"யாரும் தப்பா போடல. நான்தான் மாத்திக் குடுத்தேன்." பெட்டியிலிருந்து விமானத்தை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள். "ரெக்கையும் இன்ஜினும் நீங்க செஞ்சதுதான? பொம்பளைங்க பிரிவுல எப்படி வெக்கறது? ரெண்டு பேர் பேரும் எழுதிட்டேன்."

"ஆள் இல்லாத பிரிவும்மா! தூங்கினாக்கூட ஃபர்ஸ்ட்டு!"

"ஆள் இல்லாத ஊட்ல போய் ஜெயிச்சேன்னு சொல்லிக்கினு வரணுமா? பேஜாரு பண்ணாம அந்தப் பையக் குடுங்க."

கைப்பையிலிருந்து அவள் வேலைச் சுருக்குப்பை வந்தது. அதிலிருந்து கறுப்புப் பைப் மணி. ரவிக்கையில் வைத்துத் தைக்கிற, குச்சி மாதிரி நீண்ட மணி. இருப்பதிலேயே மெல்லியதாக நான்கைப் பொறுக்கினாள். ஊசி நுனியில் ஒவ்வொன்றாக எடுத்து, முறிந்த இடத்தில் பசை தொட்டு வைத்தாள். மூச்சுவிடாமல் நான் வால் அறையின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நடுவர் ஏழாவது மேசையில் இருந்தார். எட்டு. ஒன்பது. பத்தாவது மேசைக்கு அவர் வந்தபோது நான்காவது குழல் நின்றது.

நடுவர் பெயர் புகழேந்தி. விமானப் படையில் இன்ஜின் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். போன வருடம் என் விமானத்தை அவர் பார்த்த நேரம், ஒரு தும்மலைவிடக் குறைவு. இந்த முறை நின்றார். கண்ணாடியை மாற்றிப் போட்டார். குனிந்தார்.

"இந்த எண்ணெய்க் கறை யார் வெச்சது?"

"நான்தாங்க" என்றாள் கலையரசி.

"இன்ஜின்ல வேல பாத்திருக்கீங்களா?"

"வூட்டு டிவிஎஸ் ஒழுவுதுங்க. அத பாத்து வெச்சேன்."

"கறை காத்து போற திசையில இழுத்திருக்கு. எல்லாரும் இத தப்பாதான் வெப்பாங்க." வாலுக்கு வந்தார். "துப்பாக்கி முனையில ஓட்டை இருக்கே! எப்படித் துளைச்சீங்க?"

"மணிங்க. மணின்னா ஓட்டை இருக்கும்ல?"

அவர் சிரித்தார். பிறகு இன்னும் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார். "இவன் ஒருத்தனுக்கு மட்டும் ஏன் மஃப்ளரு?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எட்டு மணி நேரம் தனியா குந்தியிருக்கானாம்ங்க. குளிரும்ல. வயித்துல குண்டு கெடையாது, கதவு சாத்தியாச்சி. இது வூட்டுக்கு வர்ற பிளேனுங்க."

புகழேந்தி நிமிர்ந்தார். எத்தனை விமானங்கள் திரும்பி வருவதற்காக அவர் ஓடுபாதையில் காத்து நின்றாரோ. கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். பிறகு, "அடிப்பக்கம் பாக்கலாமா?" என்றார்.

இதோ. இதற்குத்தான் வியாழக்கிழமை பாடுபட்டேன். விமானத்தை அவரும் நானுமாகக் கவிழ்த்தோம். இடது இறக்கையைப் பார்த்தேன்.

கறுப்பு. முனையிலிருந்து முனைவரை ஒரே சீரான, சுத்தமான கறுப்பு.

"அருமையான கோட்டிங்" என்றார் நடுவர்.

கலையரசியைப் பார்த்தேன். அவள் மண்டபத்து மின்விசிறியை எண்ணிக்கொண்டிருந்தாள்.

முதல் பரிசு எங்களுக்குத்தான். பன்னிரண்டு பேரில் முதல். மைக்கில் இருவர் பெயரையும் கூப்பிட்டார்கள். மேடையில் கேடயத்தை நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டோம். போன வருடம் என்னைப் பார்த்துச் சிரித்த பதினோரு முகங்களும் கை தட்டின. இது எனக்கா, அவளுக்கா என்று யோசிக்கவே தோன்றவில்லை. கண் நிறைந்துவிட்டது.

திரும்புகிற பஸ்ஸில் மயிலம் தாண்டுகிறவரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். பொறுக்க முடியவில்லை.

"ரெக்கைக்குக் கீழ நான் எழுதினத எப்ப அழிச்ச?"

"அன்னிக்கே. வளவனூர்லேர்ந்து வந்ததும் பாத்தேன். வெள்ளை பெயிண்ட் மூடி தொறந்தே இருந்துது."

"ஏன் கலை அழிச்ச? அது என் பேரும்மா."

"குப்புறக் கவுத்தாதான் தெரியற எடத்துலயா உங்க பேர எழுதறது?" மடியில் இருந்த சான்றிதழை என் பக்கம் திருப்பினாள். "இங்க பாருங்க. எவ்ளோ பெருசா போட்டிருக்காங்க."

தேவநாதன் என்று முதலிலும், கலையரசி என்று இரண்டாவதாகவும் இருந்தது. படிவத்தில் அவள் எழுதிக்கொடுத்த வரிசை. ஒரு நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்று தேடினேன். கிடைப்பதற்குள் அவளே பேசினாள்.

"புகழேந்தி சாருகிட்ட அடுத்த வருஷத்துக்குச் சொல்லிட்டேங்க. மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டடுக்கு ரெக்கை வெச்ச பழைய பிளேன் ஒண்ணு இருக்குதாமே? ரெண்டுக்கும் நடுவுல முழுக்கக் கம்பியா இழுத்துக் கட்டணுமாம். மயிரிழை நூல்ல கட்டினா நல்லாயிருக்கும்னாரு."

"முதல் உலகப் போர் பிளேன்! அதெல்லாம் ரொம்பக் கஷ்டம் கலை. யாரு கட்டறது?"

"நான் கட்டறேன்."

"அப்ப நான்?"

"நூல் கோத்துக் குடுங்க" என்றாள்.

நாளைக் காலை பத்தரை மணிக்கு எனக்குக் கண் டாக்டரிடம் டோக்கன் போட்டுவிட்டாள். அவ்வளவு மெல்லிய ஊசியில் நூல் கோக்க என் கண்ணாடி போதாதாம்.